முதல் குறும்படம் எடுக்கிறீர்களா? முதலில் ஃபேனை நிறுத்துங்கள்: கேள்வி பதில்

பல வருடம் உதவி இயக்குநராக இருந்தேன். இப்போது கல்லூரி மாணவர்களின் குறும்படங்களுக்கு எடிட்டிங் செய்து கொடுக்கிறேன். படப்பிடிப்பு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

விஸ்காம் மூன்றாம் ஆண்டு, திருச்சி: அக்கா, பத்து நிமிடப் படம், இரண்டு நாள் ஷூட். ஷாட் டிவிஷன் (சீன்களை ஷாட் ஷாட்டாகப் பிரித்த பட்டியல்) போட்டதில் 94 ஷாட் வருகிறது. முடியுமா?

முடியாது. முதல் படம் எடுக்கும் குழு ஒரு நாளில் இருபது ஷாட் முடித்தாலே நல்ல வேகம். ஒவ்வொரு சீனிலும் எந்த ஷாட் இல்லாவிட்டால் கதை புரியாதோ, அதற்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். பாதிக்கு மேல் தானாகவே கழிந்துவிடும்.

மாஸ்டர் ஷாட்டில், அதாவது எல்லாரும் தெரியும் அகலமான ஷாட்டில், சீன் முழுவதையும் நிறுத்தாமல் ஓடவிட்டு எடுங்கள். நேரம் போய் முகத்துக்கு க்ளோஸ்-அப் எடுக்க முடியாவிட்டாலும் சீன் கையில் இருக்கும். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்க்கும் ஷாட்களை எல்லாம் ஒன்றாக முடித்துவிட்டு, அதன் பிறகு கேமராவை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். வசன வரிசையில் இங்கும் அங்குமாகத் திருப்பிக்கொண்டிருந்தால் லைட் மாற்றுவதிலேயே பொழுது சாய்ந்துவிடும். இருவர் பேசும் காட்சியில் ஒருவரிடமிருந்து மற்றவர் வரை ஒரு கோடு இருப்பதாக நினைத்து, கேமராவைக் கோட்டின் ஒரே பக்கத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் லுக் மாறி, இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

எந்த கேமரா வாங்கலாம்?

வாங்காதீர்கள். நண்பரிடம் இருக்கும் கேமரா போதும், நல்ல ஃபோனும் போதும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/60 வைத்தால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கும். மிச்சப் பணத்தில் மைக் வாடகைக்கு எடுங்கள்.

லைட்டுக்குக் காசு இல்லை. ஒரே ஒரு அறை, ஒரே ஒரு ஜன்னல்.

அது போதும். ஜன்னலுக்கு எதிரே தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் முகத்தின் இருண்ட பக்கம் மெல்லத் தெளியும். 1956-ல் வந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்குக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்து, திரும்பி வந்த வெளிச்சத்தில் எடுத்தார். திறந்த முற்றத்தில் விழும் பகல் வெளிச்சம் அப்படியே கிடைத்தது. உங்கள் தெர்மாகோல் செய்வதும் அதே வேலைதான்.

பொறியியல் இரண்டாம் ஆண்டு, சென்னை: வீடு மெயின் ரோட்டில் இருக்கிறது. சத்தத்தை டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், மைக்கை நடிகரின் வாய்க்கு முடிந்தவரை அருகே கொண்டுபோங்கள். கேமராவில் இருக்கும் மைக்கை நம்பாதீர்கள். ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல் அரை நிமிட ரூம் டோன், அதாவது அந்த அறையின் வெறும் சத்தத்தை, எடுங்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு இடையே நிரப்ப அது வேண்டும்.

அதே மாணவர்: தமிழ்ப் படங்களே காலம்காலமாக டப்பிங்தானே அக்கா? அவர்களால் முடியும்போது எங்களால் முடியாதா?

நல்ல கேள்வி. 1930களில் தமிழ்ப் பேசும்படங்களில் நடிகர்களே கேமரா முன்னால் பாடி நடித்தார்கள், ஒலி அங்கேயே பதிவானது. பின்னால் வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியது. எடை குறைந்த ஆரிஃபிளெக்ஸ் கேமராக்கள் ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். அதனால் டப்பிங் வழக்கமானது. உங்கள் கேமரா சத்தம் போடுவதில்லையே! அவர்களிடம் பழகிய டப்பிங் கலைஞர்களும் ஒலிப் பொறியாளர்களும் இருந்தார்கள். உங்கள் படத்தில் நடிப்பது உங்கள் பெரியம்மா.

சென்ற வருடம் என்னிடம் வந்த ஒரு படத்தில் நடித்தவர் நிஜமாகவே இயக்குநரின் பெரியம்மாதான். வாசலில் நின்று “சாப்பிட்டுப் போடா” என்பார், ஒரே டேக். குரல் உடைந்திருந்தது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டப்பிங்கில் பதினான்கு முறை சொல்லிப் பார்த்தார். உதடு பொருந்தியது, அந்தக் குரல் திரும்பி வரவே இல்லை. இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்.

நாடக நடிகர், மதுரை: நான் அந்தத் தம்பி பக்கம். மாட்டுத்தாவணியில் எடுக்கும் காட்சிக்கு என்ன செய்வீர்கள்? பஸ் ஹாரனை நிறுத்தவா முடியும்?

நிறுத்த முடியாது, ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. அங்கே ஷாட் முடிந்த கையோடு நடிகர்களைப் பக்கத்துச் சந்துக்குக் கூட்டிப்போய், கேமரா இல்லாமல் அதே வசனத்தை இரண்டு முறை பேசவைத்துப் பதிவுசெய்யுங்கள். மூச்சும் வேகமும் இன்னும் உடம்பில் இருக்கும். ஒரு மாதம் கழித்து டப்பிங் ஸ்டுடியோவின் கண்ணாடி அறையில் அது இருக்காது. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் காட்சிக்கு இந்தச் சாக்கு செல்லாது.

மேடம், 40,000 ரூபாய்க்குள் எந்த கேமரா நல்லது?

மேலே சொல்லிவிட்டேன்.

நடிகை சோகமாக நடிக்கவே மாட்டேன் என்கிறார்.

“சோகமாக இரு” என்று சொல்லியிருப்பீர்கள். கைக்கு வேலை கொடுங்கள். புடவையை மடிக்கச் சொல்லுங்கள், அப்பா பெயர் வரும் இடத்தில் மடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள். பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லுங்கள்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடலாமா?

கூடாது. உரிமை உங்களுடையதல்ல. பாடத் தெரிந்த தோழியைக் கேளுங்கள்.

ரயில்வே பிளாட்பாரத்தில் ஷூட் பண்ணலாமா?

ரயில்வே அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

ஃபோனில் எடுக்கிறோம். மைக் அவசியமா?

அவசியம். ஃபோனில் எடுப்பதால்தான் இன்னும் அவசியம். ரூம் டோனும்தான். இதை இன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள், இனி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டேன்.

சென்னை பொறியியல் மாணவர்: அக்கா, மைக் எடுத்துவிட்டேன். நாளை ஷூட். ஃபேன் தவிர வேறென்ன?

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஃபிரிட்ஜ். அதன் உறுமல் காதுக்குப் பழகியிருக்கும், மைக்குக்குப் பழகாது. அணைத்துவிட்டு உங்கள் வண்டிச் சாவியை உள்ளே வையுங்கள். சாவியைத் தேடிக் கதவைத் திறக்கும்போது மறுபடி ஆன் செய்ய ஞாபகம் வரும். வீடு கொடுத்தவர்களின் பாலும் மாவும் கெடக்கூடாது.