காதுக்கு மேலா, காதுக்குள்ளேயா?

கேள்வி: திருச்சியில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தினமும் பேருந்தில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். தோழிகள் பெரிய ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும்போது அவ்வளவு அழகாக இருக்கிறது. எனக்கும் அதுதான் ஆசை. அண்ணனோ, "காசை வீணாக்காதே, இயர்பட்ஸ் வாங்கு" என்கிறான். கையில் 4000 ரூபாய் இருக்கிறது. பாட்டும் நன்றாகக் கேட்க வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும். எதை வாங்குவது?

பதில்: அழகுக்காக ஆசைப்படுவதில் தவறே இல்லை. தினமும் தலையில் ஏறப்போகிற பொருள். பிடிக்காததை வாங்கினால் அலமாரியில்தான் கிடக்கும். ஆனால் கடைக் கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்ப்பது வேறு, மே மாதம் நெரிசலான பேருந்தில் ஒரு மணி நேரம் மாட்டியிருப்பது வேறு. காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் நம் ஊர் வெயிலில் பத்து நிமிடத்தில் காதைச் சுற்றி வேர்க்க வைத்துவிடும். விலை குறைந்த மாடல்களின் குஷனில் இருப்பது தோல் அல்ல, தோல் போலத் தெரியும் ரெக்சின். வேர்வை பட்டுப் பட்டு அது உரியத் தொடங்கும். நான் ஆசையாக வாங்கிய முதல் ஹெட்போன் இரண்டாவது கோடையைத் தாண்டவில்லை. கறுப்புத் துணுக்குகள் கன்னத்திலும் தலையணையிலும் ஒட்டிக்கொண்டன. அந்த மாடலுக்கு மாற்றுக் குஷனும் கிடைக்கவில்லை. அதனால் ஹெட்போன் என்று முடிவு செய்தால், குஷன் கழற்றி மாட்டும் வகையா, தனியாக விற்கிறார்களா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள்.

விளம்பரத்தில் காட்டாத சில விஷயங்களும் உண்டு. தோடு போட்டிருந்தால், பின்பக்கத் திருகு குஷனுக்கும் காதுக்கும் நடுவே அழுந்தி அரை மணி நேரத்தில் வலிக்க ஆரம்பிக்கும். ஜிமிக்கி என்றால் குஷன் சரியாக உட்காரவே உட்காராது. பூ வைக்கும் நாளில் தலைப்பட்டை பூவை நசுக்கும். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் அதன் காம்பு குஷனைத் தூக்கிப் பிடிக்க, அந்த இடுக்கு வழியாக பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி கசிந்துபோகும். இயர்பட்ஸில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அதற்குப் பதில், கூட்டத்தில் ஒன்று கழன்று விழுந்தால் தேடி எடுப்பது கஷ்டம்.

இனி ஒலிக்கு வருவோம். ஹெட்போனில் ஒலியை உண்டாக்கும் டிரைவர் பெரும்பாலும் 40 மி.மீ. குறுக்களவு இருக்கும். இயர்பட்ஸில் 6 முதல் 12 மி.மீ. வரைதான். பெரிதாக இருந்தால் பாஸ் அதிகம் என்று கடையில் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. காதுக்குள் போகிற கருவி காற்றுக் கசியாமல் பொருந்திவிட்டால், செவிப்பறைக்கு முன்னால் இருக்கிற கொஞ்சக் காற்றை மட்டும் அது அசைத்தால் போதும். அதற்கு 10 மி.மீ. தாராளம். பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் தகர டப்பா சத்தம்தான் வரும். 'இந்த இயர்போன் மட்டம்' என்று தூக்கிப்போடுபவர்களில் பாதிப் பேர், டப்பாவுக்குள் கூடவே வரும் சின்ன, பெரிய ரப்பர் முனைகளை ஒரு முறைகூட மாற்றிப் பார்க்காதவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வலது காதுக்கும் இடது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவதுகூட உண்டு.

பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க நான் செய்வது இதுதான். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைப் போடுங்கள். வலந்தலையின் சொற்கள் எந்தக் கருவியிலும் கேட்கும். இடந்தலையில் இழுத்து வாசிக்கும் அந்த 'கும்' வருகிறதா என்று கவனியுங்கள். வரவில்லையென்றால் முனையை மாற்றுங்கள். 'கும்' மட்டும் எழும்பி, சொற்களெல்லாம் அதற்குள் அமுங்கிப்போனால் அது பாஸை ஊதிக்காட்டும் கருவி. கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

ஹெட்போனுக்கு ஒரு பெருமை உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஒலி காதுமடலில் பட்டு உள்ளே போவதால் பாட்டு கொஞ்சம் விரிந்து, மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது போலக் கேட்கும். காதுக்குள் செருகும் கருவியில் பாட்டு தலைக்குள்ளேயே ஓடும். வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, இரவில் நிதானமாகக் கேட்க ஹெட்போனைத்தான் நான் எடுப்பேன்.

உங்கள் விஷயத்தில் பாட்டுக் கேட்கும் நேரமெல்லாம் பேருந்தில் கழிகிறது. அதனால் இந்த முறை உங்கள் அண்ணன் பக்கம்தான் நிற்கிறேன். ஐபிஎக்ஸ்4 தரம் உள்ள இயர்பட்ஸ் வாங்குங்கள். வேர்வையும் சாரலும் தாங்கும். ஆனால் அந்தக் குறியீடு பெரும்பாலும் இயர்பட்ஸுக்குத்தான், சார்ஜ் செய்யும் கேஸுக்கு அல்ல. ஈரத்தோடு உள்ளே வைக்காதீர்கள். நாய்ஸ் கேன்சலேஷன் இருந்தால் நல்லது: பேருந்து இன்ஜினின் உறுமல், ஏசி இரைச்சல் போன்ற ஒரே சீரான தாழ்ந்த ஒலியை அது நன்றாகக் குறைக்கும். பக்கத்து சீட்டுப் பேச்சும் ஹாரனும் ஓரளவு கேட்கத்தான் செய்யும்.

கழுத்தில் ஹெட்போன் மாட்டும் ஆசை விடவில்லையா? அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். 4000 ரூபாயில் பாதிக்கு ஒயர் வைத்த நல்ல இயர்போன் வாங்கிப் பேருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடுத்த வருடம் நல்ல ஹெட்போனாக வாங்குங்கள். ஒரே விலையில் ஒயர் உள்ளதையும் இல்லாததையும் வைத்துக் கேட்டால், பாட்டில் ஒயர்தான் முந்துகிறது. பேட்டரி, ப்ளூடூத் சிப், கேஸ் என்று எதற்கும் செலவாகாமல் கொடுத்த காசு முழுதும் ஒலிக்கே போகிறது. போனில் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டைப்-சி முனை உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 22,000 ரூபாய் கொடுத்து ப்ளூடூத் ஹெட்போன் வாங்கினேன். பாட்டு அருமை. லேப்டாப்பில் அலுவலகக் கூட்டத்தில் சேர்ந்ததும் எல்லாக் குரலும் பழைய டெலிபோன் போல ஆகிவிடுகிறது. பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: பழுது இல்லை, அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பாட்டுக் கேட்கும்போது ப்ளூடூத் முழு அகலத்தையும் ஒரு வழிப் பாதையாகப் பயன்படுத்துகிறது. ஹெட்போனின் மைக்கை இயக்கியதும் அதுவே இரு வழிப் பாதையாகிவிடும். குரல் போகவும் வரவும் இடம் வேண்டும் என்பதால் தரம் இறங்குகிறது. கூட்டத்தின் செட்டிங்கில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கராக ஹெட்போனையும் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ப்ளூடூத் வழியாகப் பாட்டைக் கூடுதல் தரத்தில் அனுப்பும் எல்டிஏசி என்ற முறை இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் முதலில் தங்கள் போனில் அது உண்டா என்று பாருங்கள். ஐபோன் எஸ்பிசி, ஏஏசி என்ற வேறு இரண்டு முறைகளோடு நின்றுவிடும். அதில் எல்டிஏசிக்குக் கொடுத்த பணம் வீண்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. தூங்கும் நேரம் தவிர காதில் இயர்பட்ஸ்தான். ஹெட்போன் வாங்கிக் கொடுத்தால் காதுக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். உண்மையா?

பதில்: அம்மா, கருவியை மாற்றினால் மட்டும் காது தப்பிக்காது. செவியைச் சென்று சேரும் ஒலி எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதுதான் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 80-லிருந்து 90-க்குப் போனால் 40 மணி நேரம் வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்குகிறது. தினமும் அரை மணி நேரத்துக்கும் கொஞ்சம்தான் அதிகம் என்று நினைத்துப் பாருங்கள்.

பையன்கள் ஒலியைக் கூட்டுவது பெரும்பாலும் வெளிச் சத்தத்தை மீறிக் கேட்பதற்காகத்தான். அதனால் நன்றாகப் பொருந்துகிற முனையோ, காதை முழுக்க மூடுகிற ஹெட்போனோ இருந்தால் குறைந்த ஒலியிலேயே திருப்தியாகக் கேட்க முடியும். ஹெட்போன் நல்லது என்று சொல்பவர்கள் இந்த அளவுக்குச் சரி. போனிலேயே ஒலிக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, காரணம் சொல்லி வையுங்கள். திட்டிப் பிடுங்கினால் நண்பனிடம் இரவல் வாங்குவான். காதில் 'கொய்ங்' என்ற ரீங்காரம் இருக்கிறது என்று அவன் சொன்னால் தள்ளிப்போடாமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். உள்காதில் ஒலியை உணரும் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை.

கேள்வி: பிரபல கம்பெனி இயர்பட்ஸ் என்று ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்கினேன். ஒரு மாதத்தில் இடது பக்கம் வேலை செய்யவில்லை. சர்வீஸ் சென்டரில் இது போலி என்கிறார்கள். விற்றவர் பதிலே சொல்வதில்லை.

பதில்: முதலில் பில், டப்பா, சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்தது எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். உங்கள் வழக்குக்கு அதுதான் முதுகெலும்பு. பிறகு அந்த இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

அடுத்த முறை வாங்கும்போது டப்பாவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் அடித்தால் அது எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த எண் என்று தெரிந்துவிடும். டப்பாவில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர் என்றால் உடனே திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: விடுதியில் அறைத் தோழன் அடிக்கடி என் இயர்பட்ஸைக் கேட்கிறான். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். காதில் புண்ணோ பூஞ்சையோ இருந்தால் அது ரப்பர் முனையோடு உங்களுக்கும் வந்து சேரும். கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், டப்பாவில் சும்மா கிடக்கும் வேறொரு ஜோடி முனையை அவனுக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.