பிளேடை எடுக்கும் முன் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள்

கேள்வி (திருமங்கலம் வாசகர்): வீடு காலி செய்து போனவர்களிடம் 2 அடி மீன் தொட்டி ஒன்று வாங்கினேன். தண்ணீர் நின்ற மட்டத்தில் சுற்றிலும் வெள்ளையாக உப்புக் கறை. பிளேடால் சுரண்டச் சொல்கிறார்கள். ஆனால் தொட்டி கண்ணாடியா, அக்ரிலிக் பிளாஸ்டிக்கா என்றே தெரியவில்லை.

பதில்: சுரண்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கண்ணாடியை பிளேடு ஒன்றும் செய்யாது. அக்ரிலிக்கில் ஒரே இழுப்பில் கோடு விழுந்துவிடும்.

பகல் வெளிச்சத்தில் மேல் விளிம்பின் வெட்டு முகத்தைப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடியில் கொஞ்சம் இரும்பு கலந்திருப்பதால் அந்த முகம் கோலி சோடா பாட்டில் போலப் பச்சையாகத் தெரியும். அக்ரிலிக்கில் நிறம் இருக்காது. இரும்பு குறைத்த உயர்ரகக் கண்ணாடியிலும் பச்சை மங்கலாகத்தான் இருக்கும். அதனால் இதோடு முடிவுக்கு வராதீர்கள்.

சரியாகக் காட்டிக்கொடுப்பது மூலைதான். கண்ணாடித் தொட்டியின் உள்மூலையில் சிலிக்கான் பசை வரிபோல ஓடும். நகத்தால் அழுத்தினால் ரப்பர் மாதிரி அமுங்கும். அக்ரிலிக்கில் பசை வரியே இருக்காது. ஒட்டுவதற்காக விடும் கரைப்பான் திரவம் இரண்டு பலகைகளின் ஓரத்தையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். உற்றுப் பார்த்தால் இணைப்புக்குள் பொடிக் குமிழிகள் தெரியலாம். அக்ரிலிக் பலகை நீரின் அழுத்தத்தில் வெளியே பிதுங்கும் என்பதால், பல தொட்டிகளில் மேலே ஒரே பலகையில் துளை வெட்டி மூடியிருப்பார்கள். மூலை வளைவாக இருப்பதை மட்டும் வைத்து அக்ரிலிக் என்று சொல்லிவிடாதீர்கள், வளைத்த கண்ணாடியும் உண்டு.

சந்தேகம் தீராவிட்டால் தூக்கிப் பாருங்கள். 60×30×30 செ.மீ. தொட்டி, 5 மி.மீ. கண்ணாடியில் சுமார் 9 கிலோ இருக்கும். அதே கனத்தில் அக்ரிலிக் என்றால் 4 கிலோ சொச்சம். நாணயத்தால் தட்டினால் கண்ணாடி ‘கிணிங்’ என்னும், அக்ரிலிக் ‘டொக்’ என்னும். தண்ணீர் நிரம்பியிருந்தால் இரண்டுமே மந்தமாகத்தான் கேட்கும். தொட்டால் சில்லென்றிருப்பது கண்ணாடி என்பார்கள். சித்திரை வெயிலில் நம் பக்கம் எல்லாமே வெதுவெதுப்புத்தான். அதை நம்ப வேண்டாம். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் வேலையும் வேண்டாம்.

இனி கறை. போர் தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் நீர் ஆவியாகும் இடத்தில் படிந்ததுதான் அது. இரண்டு வகைத் தொட்டிக்கும் ஒரே தொடக்கம்தான்: டிஷ்யூ பேப்பரை வெள்ளை வினிகரில் நனைத்துக் கறைமேல் ஒட்டி, 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். கறை கெட்டியாக இருந்தால் மறுபடி ஒருமுறை. கண்ணாடி என்றால் மிச்சத்தை ஈரத்தோடு புது பிளேடைப் படுக்கைவாட்டில் சாய்த்து எடுக்கலாம். மூலைக்கு ஒரு அங்குலம் முன்பே நிறுத்திவிடுங்கள். சிலிக்கானில் கீறல் பட்டால் பிறகு கசியும். அக்ரிலிக் என்றால் மெல்லிய பருத்தித் துணி மட்டும் போதும், பாத்திரம் தேய்க்கும் நார் கூடாது. துணியில் ஒரு மணல் துகள் மாட்டினால் கண்ணாடியிலும் கோடு விழும்.

அமோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரே, தின்னர், ஸ்பிரிட் மூன்றையும் அக்ரிலிக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பலகைக்குள் ஏற்கெனவே இருக்கும் இழுவிசையோடு இவை சேர்ந்தால் சிலந்தி வலை போல நுண்விரிசல் ஓடும். அதைச் சரிசெய்ய முடியாது. வெறும் கீறல் என்றால் பாலிஷ் போட்டு எடுக்கலாம். உள்பக்கத்து மெல்லிய கீறல் தண்ணீர் நிரப்பியதும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது.

வினிகர் போக மூன்று முறை கழுவி, சமதளத்தில் தெர்மாகோல் விரித்துத் தொட்டியை வையுங்கள். நிரப்பி 24 மணி நேரம் விட்டு, இணைப்புகளைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் ஒட்டினால், கண்ணாடித் தொட்டியில் பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுத்துவிட்டு, பூஞ்சைக்கொல்லி கலக்காத, மீன் தொட்டிக்கான சிலிக்கானைப் பூசுங்கள். அக்ரிலிக்கில் சிலிக்கான் சரியாகப் பிடிக்காது. அக்ரிலிக் எழுத்து வெட்டும் விளம்பரப் பலகைக் கடையில் கொடுத்தால் கரைப்பான் விட்டு ஒட்டித் தருவார்கள். அந்த ஆவி நல்லதல்ல, வீட்டில் முயல வேண்டாம்.