வலி போய்விட்டது, விளையாட விடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. வலைப்பந்து பயிற்சியில் சட்டென்று திரும்பியபோது முழங்கால் சில்லு வெளிப்பக்கமாக விலகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சரிப்படுத்தி பிரேஸ் போட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லையாம். நாலு கிழமையாகிறது, இப்போது வலியே இல்லை. அடுத்த மாதம் பாடசாலைப் போட்டி. அனுப்பலாமா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

அனுப்பாதீர்கள் அம்மா. வலி போனது நல்லதுதான், ஆனால் சில்லைப் பிடித்து நிறுத்துவது தொடைத் தசை. பிரேஸுக்குள் கிடந்த கிழமைகளில் அது மெலிந்துபோயிருக்கும். சில்லு வெளியே விலகும்போது அதை உட்பக்கம் இழுத்துப் பிடிக்கும் தசைநாரும் பெரும்பாலும் கிழிந்துவிடும். அது ஆறினாலும் முன்போல இறுக்கமாக இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

இன்றைக்கே ஒன்று பாருங்கள். மகளைக் கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். முழங்காலை நேராக வைத்தபடி காலை ஒரு சாண் தூக்கட்டும். தூக்கும்போது முழங்கால் கொஞ்சமாவது மடங்கித் தொய்ந்தால், தசை இன்னும் விழிக்கவில்லை. அப்படியானால் முழங்காலின் கீழே சுருட்டிய துவாய் ஒன்றை வைத்து, அதைக் கீழ்நோக்கி ஐந்து விநாடி அழுத்தி விடட்டும். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. சில்லுக்குச் சற்று மேலே, உட்பக்கத்தில் தசை திரள்வது உங்கள் விரலுக்குத் தெரிய வேண்டும்.

பிரேஸை எப்போது கழற்றுவது என்று வைத்தியரிடம் கேளுங்கள். பயத்தில் மாதக்கணக்கில் போட்டுவைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன், தசை இன்னும் மெலிவதுதான் மிச்சம். லிஃப்ட் இல்லாத மாடிவீடென்றால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். காலி வீதியில் பஸ் முழுதாக நிற்கும் முன் குதித்து இறங்கும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து அது வேண்டாம்.

அப்புறம் இடுப்புத் தசை. பலரும் மறப்பது இதைத்தான். பிசியோ அனுமதித்த பிறகு கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று லேசாக மடங்கும்போது முழங்கால் உள்ளே சரிந்தால், இடுப்புத் தசைக்குப் பலம் போதவில்லை; அப்படிச் சரியும்போது சில்லு மறுபடி வெளியே தள்ளப்படும்.

திரும்ப விளையாட மூன்று நாலு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். நாள்காட்டியை விட காலைத்தான் நம்புவேன்: வீக்கம் இல்லை, முழுதாக மடங்கி நீள்கிறது, ஒற்றைக்கால் பாய்ச்சலில் மற்றக் காலின் தூரத்தில் 90 வீதமாவது வருகிறது, திரும்பி ஓடப் பயமில்லை. இளவயதில் இரண்டாம் தடவை விலகும் வாய்ப்பு கூடுதல்; அப்படி நடந்தால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டி வரும்.

இதற்கிடையில் முழங்கால் திடீரெனச் சிக்கி நீட்ட முடியாமல் போனாலோ, வீக்கம் திரும்பினாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு வைத்தியரிடம் போங்கள். குருத்தெலும்புத் துண்டு உடைந்து உள்ளே கிடக்கலாம். அது எக்ஸ்ரேயில் தெரியாமல் போய், எம்ஆர்ஐயில் தெரிவதுண்டு.