தனியாகக் கல்யாண போட்டோ எடுக்கிறேன். திருநெல்வேலியில் மாநில அரசுக்கு என்ன வரி கட்ட வேண்டும், ஜிஎஸ்டி எடுத்தே ஆக வேண்டுமா?

நானும் பாளையங்கோட்டையில் இதே தொழில்தான். பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் தொழில் வரி. இதை வாங்குவது வணிகவரித் துறை இல்லை, மாநகராட்சி. கிராமம் என்றால் பஞ்சாயத்து. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறு மாதக் கணக்கு. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை வரி கிடையாது. மாதத்துக்கு 3,500தான் வருகிறது, இன்றைக்கு யார் அதைத் தாண்டாமல் இருக்கிறார்கள்? ஆனாலும் எவ்வளவு சம்பாதித்தாலும் வருஷத்துக்கு 2,500க்கு மேல் கேட்க முடியாது, அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு அதற்கு மேல் விடாது. ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். பேங்கில் கரண்ட் அக்கவுண்ட் தொடங்கப் போனபோது எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

அடுத்தது ஜிஎஸ்டி. வசூலாவதில் பாதி மாநிலத்துக்கு. நம்முடையது சேவை, அதனால் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். லாபத்தை வைத்து இல்லை, மொத்த வரவை வைத்து. நீங்கள் வாங்கி ஆல்பம் அச்சடிக்கிறவருக்கும் ட்ரோன் பையனுக்கும் அப்படியே கொடுத்துவிடுகிற பணமும் இதில் சேரும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். திருவனந்தபுரம் போய்க் கல்யாணம் எடுத்தாலும் நமக்கு அதே 20 லட்சம்தான். பொருள் மட்டும் விற்பவருக்கு வரம்பு 40 லட்சம் என்றாலும், அல்வாக் கடை அண்ணாச்சி செங்கோட்டையைத் தாண்டிக் கொல்லத்துக் கடைக்குச் சரக்குப் போட்டால் முதல் ரூபாயிலேயே பதிவு வேண்டும்.

நான் பெருமைக்காக முன்கூட்டியே பதிவு எடுத்தேன். 40,000 ரூபாய் வேலைக்கு 18 சதவீதம் என்று 7,200 சேர்த்து எழுதிக் கொடுத்தேன். பெண்ணின் அப்பா என் பேனாவையே வாங்கி அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, "இது நமக்கு எதுக்கு தம்பி?" என்றார். கடைசியில் அதை நான்தான் என் கூலியிலிருந்து கட்டினேன்.

அப்புறம் ஆனித் தேரோட்டம் முடிந்து ஆடி பிறந்தது. கேமராப் பை ஆணியில் தொங்கியது. அந்த மாதம் ஒரு பில்கூடப் போடவில்லை, போடாத பில்லுக்கு என்ன கணக்கு என்று ரிட்டர்னை விட்டுவிட்டேன். சைபர் என்றாலும் தாக்கல் செய்ய வேண்டுமாம். நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு 500 வரை தாமதக் கட்டணம். ஆவணி முகூர்த்தம் எல்லாம் முடிந்து நான் உட்கார்ந்து பார்த்தபோது முழு 500ம் ஏறியிருந்தது.

வரவு வரம்புக்குக் கீழே இருந்தால் இப்போது எடுக்காதீர்கள். கம்பெனி வேலைகள் நிறைய வந்தால் அப்போது யோசிக்கலாம், அவர்கள் ஜிஎஸ்டி பில் கேட்பார்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் ரத்து செய்ய ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் ஒன்று பாக்கி இருக்கும், அதை மறந்துவிடாதீர்கள்.