சமையல் கேள்வி-பதில்: வெட்டினால் வழியும் பீனட் பட்டர் பை

கேள்வி: ஓவனில் வைக்காத பீனட் பட்டர் பை (பிஸ்கட் அடித்தளத்தின் மேல் வேர்க்கடலை விழுதும் கிரீமும் நிரப்பிக் குளிரவைக்கும் இனிப்பு) செய்தேன். சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டிப் பாகு விட்டேன். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்தும் வெட்டினால் கூழாக வழிகிறது. எங்கே தப்பு?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பாகில் இருந்த தண்ணீர்தான் கெடுத்திருக்கிறது. இந்தப் பையை முட்டையோ மாவோ தாங்கவில்லை; கொழுப்பு குளிர்ந்து இறுகுவதால்தான் நிற்கிறது. அதற்காகக் கருப்பட்டியை விட்டுவிடாதீர்கள், வறுத்த கடலைக்கு அதன் மணம் அவ்வளவு பொருத்தம். நன்றாகக் காய்ந்த உடன்குடிக் கருப்பட்டியைத் துருவி, மிக்ஸியில் பொடித்து, சலித்துப் போடுங்கள்.

8 அங்குலத் தட்டுக்கு 200 கிராம் மேரி பிஸ்கட் பொடியை 90 கிராம் உருக்கிய வெண்ணெயில் பிசிறி, அழுத்திப் பரப்பி, 20 நிமிடம் ஃபிரீசரில் வையுங்கள். பீனட் பட்டர் 200 கிராம், கிரீம் சீஸ் 200 கிராம், கருப்பட்டிப் பொடி 100 கிராம், இரண்டு சிட்டிகை உப்பு, எல்லாவற்றையும் கட்டியில்லாமல் அடியுங்கள். 250 மில்லி விப்பிங் கிரீமைத் தனியாக அடித்து, மூன்று தடவையாக மெதுவாகக் கலந்து, 6 மணி நேரம் குளிரவிடுங்கள்.

நம்மூர் சித்திரை வெயிலில் கிரீம்தான் அடுத்த தொல்லை. பாத்திரத்தையும் பீட்டரையும்கூட முன்னதாக ஃபிரீசரில் வைத்து எடுங்கள். பீட்டரைத் தூக்கினால் கிரீமின் நுனி சாயாமல் நிற்க வேண்டும். அதற்கு மேல் அடித்தால் திரிந்து வெண்ணெயாகிவிடும். இனிப்பு சேர்த்து விற்கும் கிரீம் என்றால் கருப்பட்டி 60 கிராம் போதும்.

பீனட் பட்டரை வீட்டில் அரைத்தால் சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைப் பொறுக்கித் தள்ளுங்கள். அவற்றில் இருக்கக்கூடிய பூஞ்சை நச்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது. மிக்ஸியில் முதலில் பொடியாகும், பிறகு உருண்டு நிற்கும், விட்டுவிட்டு ஓட்டினால் எண்ணெய் விட்டு இளகும். உருண்டு நிற்கும்போது அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கேள்வி: கடலை சத்துதானே, இந்தப் பையைப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தினமும் கொடுக்கலாமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: வேண்டாம். மேலே சொன்ன அளவை 12 துண்டு போட்டால், ஒரு துண்டில் சுமார் 385 கலோரி, 29 கிராம் கொழுப்பு, 7 கிராம் புரதம். அதே புரதம் 30 கிராம் வறுத்த வேர்க்கடலையில் 170 கலோரிக்குக் கிடைத்துவிடும். உப்பும் இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த ருசி, கை தானாக அடுத்த துண்டுக்குப் போகும். பிறந்தநாளுக்குச் செய்யுங்கள், இரண்டு விரல் அகலத் துண்டு தாராளம். விருந்துக்கு வரும் குழந்தைகளில் யாருக்காவது கடலை ஒவ்வாமை உண்டா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கிரீம் சீஸ் கிடைக்கவில்லை. மேலே கோவில்பட்டி கடலை மிட்டாய் தூவலாமா?
– வாசகி, வள்ளியூர்

பதில்: அரை லிட்டர் புளிக்காத தயிரைத் துணியில் கட்டி, ராத்திரி ஃபிரிட்ஜுக்குள் தொங்கவிட்டால் ஏறக்குறைய 200 கிராம் கெட்டியாகத் தேறும். கடலை மிட்டாயைப் பரிமாறும்போது நொறுக்கித் தூவுங்கள். முன்கூட்டியே போட்டால் வெல்லம் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும்.