பழைய குட்டி ரிவால்வரும் அதற்கேற்ற தோட்டாவும்: கேள்வி பதில்

ரிவால்வர் பழுதுபார்க்கும் மேஜையில் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ‘பழைய சின்ன ரிவால்வர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று வாயைக் கொடுத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். உரிமம், பெயர் மாற்றம் எல்லாம் உங்கள் ஊர்ச் சட்டப்படி முடிந்த பிறகுதான் பொருளைக் கையில் வாங்க வேண்டும். அதைப் பற்றி இதற்கு மேல் பேசப்போவதில்லை. அடுத்து, நான் ‘தோட்டா’ என்றால் கேஸ் (உலோகக் கூடு), பிரைமர் (ஹேமர் அடித்ததும் பொறி தரும் அடிப்பொட்டு), மருந்து (வெடிமருந்து) எல்லாம் சேர்ந்த முழு உருப்படி. ‘குண்டு’ என்றால் அதன் நுனியிலிருந்து பறந்து போவது மட்டும். பேரல் என்பது குழல், சிலிண்டர் என்பது தோட்டா போடும் அறைகள் உள்ள சுழலும் உருளை, ஹேமர் என்பது பின்னால் இருக்கும் சுத்தி, டிரிகர் என்பது விசை, ஃப்ரேம் என்பது துப்பாக்கியின் உடல். .38, .357 எல்லாம் தோட்டா அளவின் பெயர்கள்.

கேள்வி: அண்ணே, ரெண்டு அங்குல பேரல், அஞ்சு தோட்டா போடுற பழைய .38 ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். வெளியில பளபளன்னு புதுசு மாதிரி இருக்கு. நேர்ல போகும்போது எதைப் பார்க்கணும்?

பதில்: அந்தப் பளபளப்பை முதலில் மறந்துவிடுங்கள் தம்பி. துருப்பள்ளத்தைத் தேய்த்து மறுபடி நீலம் (துருவைத் தடுக்கும் கருநீலப் பூச்சு) ஏற்றியிருந்தால் ஓரங்கள் மழுங்கியிருக்கும், முத்திரை எழுத்துகள் மங்கியிருக்கும். உறையில் போட்டுப் போட்டு வாய்ப்பக்கம் நீலம் போன துப்பாக்கி உள்ளே புதுசாகவே இருக்கும். நிறைய சுமந்திருப்பார்கள், கொஞ்சம்தான் சுட்டிருப்பார்கள். நான் தேடுவது அந்த மாதிரி உருப்படியைத்தான்.

சிலிண்டரைத் திறந்து எல்லா அறையும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். விற்பவர் உங்கள் முன்னால் இப்போதுதான் பார்த்தார் என்றாலும் நீங்களும் ஒரு தரம் பாருங்கள். வெறும் டிரிகர் இழுத்துப் பார்க்க அவரிடம் அனுமதி கேளுங்கள். துப்பாக்கியின் வாயை ஆபத்தில்லாத பக்கம் வைத்துக்கொண்டு, ஹேமரைக் கட்டைவிரலால் ஆமை வேகத்தில் பின்னுக்கு இழுங்கள். மற்ற கையின் ஒரு விரல் சிலிண்டரை லேசாக உரசிக்கொண்டிருக்கட்டும். ஹேமர் முழுக்கப் பின்னுக்குப் போய் நிற்பதற்குள் சிலிண்டர் திரும்பி ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். நாலு சரியாக இருந்து ஒன்று மட்டும் பிந்துவது சகஜம். பூட்டாத நிலையில் சுட்டால் அறையும் பேரலும் நேர்கோட்டில் இருக்காது. குண்டு ஓரத்தில் சீவப்பட்டு, ஈயத்துணுக்கு பக்கத்தில் நிற்பவர் முகத்தில் அடிக்கும்.

அடுத்து, டிரிகரைக் கடைசிவரை இழுத்துப் பிடித்தபடியே சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் பரவாயில்லை. கோல்ட் கம்பெனியின் பழைய ரிவால்வரில் அதுகூட இருக்கக் கூடாது, இரும்புப் பெட்டி மாதிரி இறுகி நிற்க வேண்டும். முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். அந்த ஆட்டம் விரலுக்குத் தெரிகிற அளவுக்கு இருந்தால் நிறைய சுட்டிருக்கிறார்கள், அல்லது கனமான தோட்டாவால் சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கேள்வி: சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு இருக்கணும்? வெளிச்சத்துல பிடிச்சா போதுமா?

பதில்: வெளிச்சத்தில் இடைவெளி இருப்பது தெரியும், அளவு தெரியாது. மெக்கானிக்குகள் இடைவெளி அளக்க வைத்திருக்கும் மெல்லிய தகடுக் கட்டு, ஃபீலர் கேஜ், ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 0.15 மி.மீ. அருமை. 0.10 முதல் 0.25 வரை ஒப்புக்கொள்ளலாம். 0.30-ஐத் தாண்டினால் நான் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளி ஒரு தரம், முன்னுக்குத் தள்ளி ஒரு தரம் அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நான் மேலே சொன்ன முன்பின் ஆட்டம். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: விற்கிறவர் சினிமாவுல வர்ற மாதிரி மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி சிலிண்டரை மூடினார். ஸ்டைலா இருந்துச்சு!

பதில்: ஸ்டைலுக்கு விலை உண்டு. சிலிண்டரைத் தாங்கி வெளியே வரும் அந்தக் கை, இப்படிச் சுண்டிச் சுண்டி வளைந்துவிடும். ஒரு தடவை நானே ஏமாந்தேன். பேரலுக்குள் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று வாங்கி வந்தேன், மேஜையில் வைத்துப் பார்த்தால் கை வளைந்து சிலிண்டர் கோணல். விற்ற ஆளும் இதே மாதிரி சுண்டி மூடியவர்தான். அவர் சுண்டியபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

சிலிண்டரைத் திறந்துவைத்து மெல்லச் சுழற்றி, எஜெக்டர் கம்பியின் (சுட்ட கேஸ்களைத் தள்ளி வெளியேற்றும் கம்பி) நுனியைப் பாருங்கள். நுனி வட்டமடித்தால் கம்பி வளைந்திருக்கிறது. கம்பி திருகு தளர்ந்திருந்தாலும் தொல்லைதான், வெளியே நீண்டு வந்து சிலிண்டரைத் திறக்கவே விடாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனித் துப்பாக்கிகளில் 1960-களின் தொடக்கத்திலிருந்து இதற்கு இடப்புரி திருகு. வலப்புரி என்று நினைத்து இறுக்குகிறவர்கள் இன்னும் கழற்றித்தான் விடுகிறார்கள்.

கேள்வி: ஹேமரைப் பின்னுக்கு வெச்சு கட்டைவிரலால தள்ளிப் பார்க்கணும்னு ஒரு நண்பர் சொன்னார். எதுக்கு?

பதில்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். காலித் துப்பாக்கியில், டிரிகரைத் தொடாமல், பின்னுக்கு நிற்கும் ஹேமரை மிதமாக முன்னுக்குத் தள்ளுங்கள். விழக் கூடாது. விழுந்தால், டிரிகரை இலகுவாக்குகிறேன் என்று யாரோ உள்ளே அரம் வைத்திருக்கிறார்கள். பக்கத்தகட்டின் திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பு. அப்படிப்பட்டதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 58 வயசு, விரல் மூட்டு வலி உண்டு. லேசான அலுமினிய ஃப்ரேம் வாங்கச் சொல்றாங்க. சரியா வருமா?

பதில்: அம்மா, உங்களுக்கு அதை வேண்டாம் என்பேன். சுமக்க லேசானது சுடும்போது கொடுமை. எஃகு ஃப்ரேம் உள்ள ஐந்து தோட்டா .38 சுமார் 550 கிராம். அலுமினியக் கலவையில் 425. ஸ்காண்டியம், டைட்டானியம் கலந்தவை 330-ஐ ஒட்டி வரும். ஒரே தோட்டாவைப் போட்டாலும் கடைசியில் சொன்னது உள்ளங்கையில் சுத்தியலால் தட்டியது மாதிரி உதைக்கும். உதைக்குப் பயந்து பயிற்சியை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இந்தச் சின்ன ரிவால்வர்களில் ஹேமரைக் கையால் இழுக்காமல் டிரிகரை மட்டும் இழுத்துச் சுட ஏறக்குறைய 5 கிலோ விசை வேண்டும். காலித் துப்பாக்கியில் பத்துத் தடவை தொடர்ந்து இழுத்துப் பாருங்கள். ஏழாவதிலேயே விரல் நடுங்கினால் அது உங்களுக்கானது இல்லை. கனமான எஃகு ஃப்ரேம், கையை நிரப்பும் ரப்பர் பிடி, மென்மையான தோட்டா: உங்களுக்கு இப்படித்தான் தேட வேண்டும்.

அலுமினியம்தான் வேண்டும் என்கிற மற்றவர்களுக்கு: பேரல் திருகி இறங்கும் இடத்துக்கு நேர் கீழே, சிலிண்டரைத் திறந்துவைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். தலைமுடி மாதிரி ஒரு விரிசல் அங்கேதான் வரும். வந்தால் ஃப்ரேம் போச்சு, ஒட்டவைக்க வழியில்லை.

கேள்வி: .357 மேக்னம் ரிவால்வர்ல .38 ஸ்பெஷல் போடலாமா? தலைகீழா?

பதில்: போடலாம். தலைகீழாக, அதாவது .38 துப்பாக்கியில் மேக்னம் தோட்டா, கூடாது. இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான். 1935-இல் மேக்னம் வந்தபோது, பழைய .38 துப்பாக்கிக்குள் போகாமலிருக்கக் கேஸை 3 மி.மீ.க்கு மேல் நீட்டினார்கள். அமெரிக்கத் தர அளவுப்படி .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, மேக்னத்துக்கு 35,000. இரண்டு மடங்கு. மேக்னம் துப்பாக்கியில் .38 நிறைய சுட்டால் அறைக்குள் கரி வளையம் படியும், அப்புறம் நீளமான தோட்டா முழுக்க இறங்காது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் சரி. இரண்டு அங்குலப் பேரலில் மேக்னம் சுடுவதைப் பற்றி என் அபிப்பிராயம்: சத்தமும் தீப்பந்தும் ஏராளம், இரண்டாவது குண்டு எங்கே போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

கேள்வி: பேரல்ல வெறும் ‘.38 எஸ் அண்ட் டபிள்யூ’ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்)ன்னு மட்டும் இருக்கு, ‘ஸ்பெஷல்’ இல்லை. ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: இல்லவே இல்லை. அது வேறு தோட்டா. குட்டையானது, கொஞ்சம் பருத்தது, அழுத்தம் குறைந்தது. அதன் அறையில் ஸ்பெஷல் இறங்காது. ஆனால் அந்தக் காலத்தில் சிலர் அறையைக் குடைந்து ஸ்பெஷல் போடும்படி ‘மாற்றி’ இருக்கிறார்கள். சுட்ட கேஸ் வயிறு பருத்து, சில சமயம் கிழிந்தே வெளியே வரும். அறைக்குள் டார்ச் அடித்து, கேஸின் வாய் முட்டி நிற்கும் சின்ன விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பு இல்லாமல் நேர்க்குழாயாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். பேரலில் உள்ள எழுத்தும் தோட்டாவின் அடியில் உள்ள எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். ‘உள்ளே போகிறதே’ என்பது காரணம் ஆகாது.

கேள்வி: ‘பிளஸ் பி’ போடலாமா?

பதில்: அது அழுத்தம் கூட்டி நிரப்பிய .38 ஸ்பெஷல். அதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 20,000 பவுண்டு. துப்பாக்கியிலோ தயாரிப்பாளர் கையேட்டிலோ அனுமதி இருந்தால் போடலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் மாடல் எண் பொறிக்கத் தொடங்கியது 1957-இல். சிலிண்டரைத் திறந்தால் ஃப்ரேமில் தெரியும். அங்கே எண்ணே இல்லாத பழசுக்குச் சாதாரண அழுத்தத் தோட்டாதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பிளஸ் பி பிளஸ்’ என்று ஒன்று உண்டு, அதற்குப் பொதுத் தர அளவே கிடையாது. தொடாதீர்கள்.

கேள்வி: தற்காப்புக்கு ஹாலோ பாயிண்ட்தான் சிறந்ததுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்ன போடுவீங்க?

பதில்: இது வெறும் ஆமாம் இல்லையில் முடிகிற கேள்வி இல்லை. மூக்கில் குழியுள்ள குண்டு, ஈரமான இலக்கில் பட்டவுடன் காளான் மாதிரி விரிய வேண்டும். விரிய வேகம் வேண்டும். நாலு அங்குலப் பேரலில் கிடைக்கும் வேகம் இரண்டு அங்குலத்தில் கிடைக்காது. தடித்த துணி குழியை அடைத்துவிட்டால் விரிவது இன்னும் சந்தேகம். விரியாத ஹாலோ பாயிண்ட் வெறும் உருண்டை மூக்குக் குண்டு போலத்தான் போகும். விரிந்தாலும் ஆபத்து உண்டு: லேசான குண்டு சீக்கிரம் விரிந்து ஆழம் போகாமல் நின்றுவிடும். 1986-இல் அமெரிக்காவின் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன் சோதனையில் ஜெலட்டின் கட்டிக்குள் குறைந்தது 30 செ.மீ. ஆழம், அதிகபட்சம் 45 செ.மீ. என்று வைத்தது. குட்டைப் பேரலில் விரிவும் ஆழமும் சேர்ந்து கிடைக்கும் தோட்டாக்கள் குறைவு. குட்டைப் பேரலுக்கென்றே செய்த 135 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) பிளஸ் பி அவற்றில் ஒன்று.

துப்பாக்கி பிளஸ் பி தாங்காது, அல்லது கை தாங்காது என்றால் நான் 148 கிரெய்ன் வாட்கட்டர் போடுவேன். பார்க்கப் பென்சிலை வெட்டிவைத்த மாதிரி தட்டை மூக்கு, இலக்குப் போட்டிக்காக வந்தது. விரிவதை நம்பியில்லை, தட்டை விளிம்பு காகிதத்தில் பஞ்ச் அடித்த மாதிரி வட்டமாக வெட்டிக்கொண்டு போகும், ஆழமும் போதுமான அளவு போகும், உதை மிகக் குறைவு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒரே குறை: தட்டை மூக்கு என்பதால் அவசரத்தில் அறைக்குள் நுழைக்கும்போது விளிம்பில் முட்டும்.

எதைப் போட்டாலும் தவறிய குண்டு சுவர் தாண்டிப் போகும். பின்னால் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் டிரிகரில் விரல் வைக்காதீர்கள்.

கேள்வி: சுட்டுக்கிட்டு இருக்கும்போது மூணாவது தோட்டாவோட சிலிண்டர் திரும்பாம நின்னுடுச்சு. துப்பாக்கி பழுதா?

பதில்: உங்களுடையது மிக லேசான ஃப்ரேம் என்று எழுதியிருந்தீர்கள். துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது கேஸும் கூடவே பின்னுக்குப் போகிறது, குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கேஸின் வாய்ப் பிடிப்பு தளர்வாக இருந்தால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டி முட்டிக்கொள்ளும். ஜாக்கெட் (மேலே போர்த்திய உலோக உறை) இல்லாத வெறும் ஈயக் குண்டில் இது அதிகம். சோதிக்க வழி எளிது: ஒரு தோட்டாவின் நீளத்தை அளந்து ஐந்தாவதாகச் சுடும் அறையில் போடுங்கள். முதல் நாலையும் சுட்டுவிட்டு அதை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. சில மேக்னம் லேசு ரகங்களில் 120 கிரெய்னுக்குக் குறைந்த குண்டு போடாதே என்று பேரலிலேயே பொறித்திருக்கும், அதையும் படியுங்கள்.

கேள்வி: ‘கிளிக்’னு மட்டும் சத்தம் வந்துச்சு, வெடிக்கல. ரிவால்வர்தானே, உடனே அடுத்ததை இழுத்துடலாம்ல?

பதில்: பயிற்சிக் களத்தில் இழுக்காதீர்கள். மருந்து தாமதமாகப் பற்றினால், நீங்கள் இழுத்த இழுப்பில் அந்தத் தோட்டா பேரலை விட்டு விலகியிருக்கும்போது வெடிக்கும். இலக்குப் பக்கமே பிடித்து அரை நிமிஷம் பொறுத்துப் பிறகு திறங்கள். பிரைமரில் பள்ளம் ஆழமில்லை என்றால், டிரிகர் இலகுவாக வேண்டுமென்று முந்தைய உரிமையாளர் பலவீனமான ஸ்பிரிங் போட்டிருப்பார். ஒரிஜினல் ஸ்பிரிங்கை வாங்கிப் போடுங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இதைவிட மோசமானது ‘புஸ்’ என்ற அமுங்கிய சத்தம். குண்டு பேரலிலேயே நின்றிருக்கலாம். நிறுத்துங்கள், இறக்குங்கள், பேரலுக்குள் கம்பி விட்டுப் பாருங்கள். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் வீங்கும். பழசு வாங்கும்போது பேரலுக்குள் ஒரு கருப்பு வளையம் தெரிந்தால், முன்பே யாரோ அதைச் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: துப்பாக்கியோட ஒரு டப்பா கையால மறுபடி நிரப்பின தோட்டாவும் இலவசமா தர்றார்.

பதில்: நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்று விடுங்கள். வாட்கட்டருக்கு மருந்து துளியூண்டுதான், தவறி இரண்டு தரம் போட்டாலும் கேஸ் நிரம்பித் தெரியாது. நிரப்பியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் அன்றைக்கு எவ்வளவு கவனமாக இருந்தார் என்று உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: அப்பா காலத்துத் தோட்டா அலமாரியில இருக்கு. சுடலாமா?

பதில்: பச்சை பூத்திருந்தால், குண்டு ஆடினால், கேஸில் கீறல் இருந்தால் கூடாது. சுத்தமாக இருந்தால் பயிற்சிக்கு ஓட்டலாம், தற்காப்புக்கு வேண்டாம்.

கேள்வி: தோட்டா துரு பிடிக்காம இருக்க அறைக்குள்ள எண்ணெய் விட்டு வைக்கிறேன். சரிதானே?

பதில்: எண்ணெய் பிரைமருக்குள் ஊர்ந்து போய் அதைக் கெடுத்துவிடலாம். அறைகளை உலரத் துடைத்து வையுங்கள். எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் (கேஸ்களைத் தூக்கிவிடும் நட்சத்திர வடிவத் தகடு) அடியில் மட்டும் பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுங்கள். எரியாத ஒரு மருந்துத் துணுக்கு அங்கே மாட்டினால் சிலிண்டர் இறுகிப்போகும், நீங்கள் துப்பாக்கியே பழுது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருவீர்கள். போன மாதம் மட்டும் அப்படி மூன்று பேர் வந்தார்கள். மூன்றுக்கும் பிரஷ்தான் வைத்தியம்.