சுகரோடும் இன்ஹேலரோடும் 200 கிலோமீட்டர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சுகர் பற்றியவை, அதனால் அதற்கே அதிக இடம். நானும் 17 வருடமாக இன்சுலின் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவன்தான். மருந்தின் அளவை மாற்றுவதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள், மற்றதை இங்கே பேசலாம்.

டைப் 1 சர்க்கரை நோய், வயது 24. நூறு கிலோமீட்டர் வரை ஓட்டியிருக்கிறேன். 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) போக ஆசை. அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். (கோவை வாசகி)

போகலாம். டீம் நோவோ நோர்டிஸ்க் என்ற தொழில்முறை அணியில் ஓட்டிய அத்தனை பேரும் டைப் 1 உள்ளவர்கள். இத்தாலியின் மிலான்–சான் ரெமோ பந்தயத்தில், ஒரே நாளில் சுமார் 290 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்கள். அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு கணக்கு. 200 கிலோமீட்டர் பிரெவேவுக்கு 13.5 மணி நேரம் தருகிறார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 10 மணி நேரத்தில் முடிந்துவிடும், மீதி மூன்றரை மணி நேரம் உங்களுடையது. சுகர் பார்க்க, சாப்பிட, அளவு ஏறும்வரை நிழலில் உட்கார என்று இந்த நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். லோ ஆவது, அதாவது சுகர் அளவுக்கு மீறி இறங்குவது, தெரிந்தும் அடுத்த கண்ட்ரோல் (பிரெவே கார்டில் முத்திரை வாங்கும் இடம்) வரை ஓட்டிவிடலாம் என்று போகிறவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள், அந்த அவசரத்துக்கு இங்கே தேவையே இல்லை.

கிளம்பும்போது சுகர் 126 முதல் 180 வரை இருந்தால் நல்லது. 90க்குக் கீழே என்றால் சாப்பிட்டு ஏறவிட்டுக் கிளம்புங்கள். 270க்கு மேலே என்றால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பாருங்கள், 1.5 அல்லது அதற்கு மேல் காட்டினால் அன்று ரைடு கிடையாது. காலை உணவுக்கான இன்சுலினைக் குறைக்க வேண்டியிருக்கும், எவ்வளவு என்பதை மருத்துவரோடு முடிவு செய்து 40, 60 கிலோமீட்டர் ரைடுகளில் சோதித்துப் பாருங்கள். ஊசியை வயிற்றில் போடுங்கள், தொடையில் வேண்டாம். பெடல் மிதிக்கும் தசைக்கு ரத்த ஓட்டம் கூடும், அங்கே போட்ட இன்சுலின் நினைத்ததைவிட வேகமாக இறங்கிவிடும்.

வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். பசிக்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். 70க்குக் கீழே போனால் சைக்கிளை நிறுத்தி, 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். கடலை மிட்டாய் ரைடுக்கு அருமையான தீனி, ஆனால் லோ சுகருக்கு உதவாது, அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். கையில் சுகர் அளக்கும் சென்சார் ஒட்டியிருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அது காட்டுவது சில நிமிடம் பழைய அளவு. சுகர் வேகமாக இறங்கும்போது திரையில் 85 என்றிருந்தாலும் ரத்தத்தில் 70 ஆகியிருக்கலாம், சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள். பல சென்சார்களில் உங்கள் அளவை அம்மாவின் போனிலும் தெரியும்படி வைக்க முடியும். என் வீட்டில் பயம் குறைந்தது அதற்குப் பிறகுதான்.

கணவருக்கு டைப் 2, கிளிமெபிரைடு மாத்திரை. ஞாயிறு 120 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தவர் நள்ளிரவில் நனைந்த மாதிரி வியர்த்து எழுந்தார். ரைடு முடிந்து அவ்வளவு நேரம் ஆகியும் ஏன்? (திருச்சி வாசகி)

நீண்ட ரைடில் காலியான சர்க்கரைச் சேமிப்பை தசைகள் இரவெல்லாம் நிரப்பிக்கொண்டே இருக்கும், இன்சுலினும் வழக்கத்தைவிட நன்றாக வேலை செய்யும், இது 24 மணி நேரம்கூட நீளலாம். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றுபவை, ரைடும் மாத்திரையும் சேர்ந்தால் சுகர் இறங்கத்தான் செய்யும். எனக்கும் முதல் 300 கிலோமீட்டர் முடித்த இரவில் மூன்று மணிக்கு 52க்குப் போனது, நல்ல அலுப்பில் தூங்கியதால் உடம்பு எழுப்பியதே தெரியாமல் போயிருக்கும், பக்கத்தில் ஆள் இருந்ததால் பிழைத்தேன். ரைடு அன்று மாத்திரையை என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள், இரவுச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், படுக்கும் முன் சுகர் பாருங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் எடுப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. அவை சர்க்கரையைச் சிறுநீரில் இறக்குவதால் தண்ணீரும் கூடவே போகும், சுகர் அதிகமில்லாமலே கீட்டோன் ஏறவும் வாய்ப்புண்டு. வெயிலில் நெடுந்தூரம் ஓட்டும் திட்டம் இருந்தால் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் மீட்டர் நல்ல எண் காட்டினாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மே மாதம் ஈ.சி.ஆரில் புதுச்சேரி வரை போகிறோம். இன்சுலின் பேனா கெட்டுப்போகுமா? (சென்னை வாசகர்)

பயன்பாட்டில் உள்ள பேனாவுக்கு 30 டிகிரிதான் பொதுவான வரம்பு, மே மாத வெயிலில் ஜெர்சிப் பாக்கெட் அதைவிடச் சூடாக இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து எடுத்துப்போகும் குளிர்ப்பைகள் ஈரம் ஆவியாவதால் குளிர்பவை, நம் மண்பானை மாதிரிதான். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் அங்கே அவ்வளவாகக் குளிராது. அதனால் சிறிய ஃபிளாஸ்க்கில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பேனாமேல் சுற்றி வையுங்கள். ஐஸ்மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண். மீட்டரின் ஸ்ட்ரிப்பும் சூட்டில் தவறான அளவு காட்டும், அதற்கும் நிழல் வேண்டும்.

ஆஸ்துமா உண்டு. மார்கழி விடியலில் கிளம்பினால் பத்தாவது கிலோமீட்டரிலேயே இழுக்கிறது. (சேலம் வாசகர்)

குளிர்ந்த வறண்ட காற்றை வாயால் இழுக்கும்போது மூச்சுக்குழாய் சுருங்குகிறது. மூக்கையும் வாயையும் மூடி மெல்லிய துணி கட்டுங்கள், முதல் 15 நிமிடம் மெதுவாக ஓட்டி நடுவில் சில குறுகிய வேக ஓட்டம் கொடுத்து உடம்பைச் சூடேற்றுங்கள். மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் நீல நிற இன்ஹேலரைக் கிளம்ப 15 நிமிடம் முன்பு எடுக்கச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது மட்டுமே உங்கள் சிகிச்சை என்றால் அது போதாது, குழாயின் வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர்தான். "பழக்கமாகிவிடும்" என்று பயந்து அதை நிறுத்திவைத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். போகி அன்று காலை புகைக்குள் ஓட்ட வேண்டாம்.

மெட்டோபுரோலால் எடுக்கிறேன், ஏற்றத்தில்கூட இதயத்துடிப்பு 115ஐத் தாண்டவில்லை. வாட்ச் ரிப்பேரா?

மெட்டோபுரோலால் இதயத்துடிப்பைக் குறைக்கிற மருந்து, அது தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். வாட்ச் காட்டும் இதயத்துடிப்பு மண்டலங்களை மறந்துவிட்டு, முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்த்து ஓட்டுங்கள். கூடவே சுகரும் இருந்தால் கவனம், லோ ஆகும்போது வரும் படபடப்பை இந்த மருந்து மறைத்துவிடும், வியர்வை மட்டும் வரும்.

முழங்கால் வலிக்காமலிருக்க ரைடுக்கு முன்பே டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போடுகிறேன். பிரஷரும் உண்டு.

வேண்டாம். உடம்பில் தண்ணீர் குறையும் நேரத்தில் அந்த வகை மாத்திரை சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும், பிரஷரையும் ஏற்றும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், முதலில் அதைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள்.

கூட வருகிறவர்களிடம் நோயைச் சொல்ல வேண்டுமா? பாவமாகப் பார்ப்பார்களே. (மதுரை வாசகர்)

சொல்லிவிடுங்கள், கிளம்பும் முன்பே, ஒரு நிமிடத்தில். "எனக்குச் சுகர். உளறினாலோ தள்ளாடினாலோ நிறுத்தி, இந்தப் பாக்கெட்டில் இருக்கிற குளுக்கோஸைக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள்." இதையே ஒரு அட்டையில் தமிழில் எழுதி, மருந்தின் பெயரும் வீட்டு எண்ணும் சேர்த்து, பிரெவே கார்டோடு வையுங்கள். நீங்கள் விழுந்தால் முதலில் ஓடிவருவது உங்கள் குழுவாக இருக்காது, பக்கத்து டீக்கடைக்காரராக இருக்கலாம்.